மலையடிவாரத்துத் தொண்டும் மனத்திலுள்ள தெய்வமும்

சமூகப்பணிப் படிப்பை முடித்துவிட்டுத் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களுக்கும் கொடைக்கானல் மலைப்பகுதிக்கும் களப்பணிக்கு வருகிற இளைஞர்களோடு பேசிக்கொண்டிருக்கையில், அவர்களில் பெரும்பாலோர் ஏதாவதொரு சந்தர்ப்பத்தில் சற்றே தயக்கத்துடன் எழுப்புகிற வினா ஒன்று உண்டு. தமக்கென்று இருக்கிற சமய நம்பிக்கையை வேலையில் எந்த அளவுக்கு அனுமதிக்கலாம், எதிரே உட்கார்ந்து குறையைச் சொல்லுகிறவருடைய நம்பிக்கையை எந்த அளவுக்குப் பொருட்படுத்தலாம் என்பதே அது. வாசலிலே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதுபோல, சமயத்தையும் வெளியே வைத்துவிட்டுப் போகவேண்டும் என்று வகுப்பறையில் அவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விடை சொல்லப்பட்டிருக்கிறது. அந்த விடையில் நியாயம் இல்லாமல் இல்லை. பிறருடைய வறுமையையும் நோயையும் தன் மதத்துக்கு ஆள்சேர்க்கிற வாய்ப்பாகப் பயன்படுத்திய காலம் ஒன்று இருந்ததை அறிந்தவர்கள் அந்த எச்சரிக்கையை அலட்சியம் செய்யமாட்டார்கள். ஆனால் பழனி மலைத்தொடரின் உச்சியிலும் அடிவாரத்திலும் சென்ற நூற்றெண்பது ஆண்டுகளாக நடந்துவந்த தொண்டின் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்க்கிறவர்களுக்கு, அந்தச் சுருக்கமான விடை போதாது என்பது தெரியவரும். அதைப் பற்றித்தான் இன்று கொஞ்சம் விரிவாக எழுத ஆசைப்படுகிறேன்.

கொடைக்கானல் என்ற ஊரே ஒரு மத ஸ்தாபனத்தின் துயரத்திலிருந்து பிறந்தது. 1816 முதல் யாழ்ப்பாணத்தில் பள்ளிகளும் வைத்தியமும் நடத்திவந்த அமெரிக்க மிஷனரிகளில் சிலர் 1834-இல் கடலைக் கடந்து மதுரைக்கு வந்து அமெரிக்க மதுரை மிஷனை ஏற்படுத்தினார்கள். வந்த சில ஆண்டுகளுக்குள்ளாகவே காலராவும் விஷக்காய்ச்சலும் அவர்களையும் அவர்களுடைய பச்சைக் குழந்தைகளையும் ஒருவர்பின் ஒருவராக வாரிக்கொண்டு போயின. அருகிலிருந்த சிறுமலையில் தங்கிப் பார்த்தும் காய்ச்சல் விடாமற் போகவே, 1845-இல் பழனி மலைமேல் ஏறி, ஸன்னிஸைடு, ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்களைக் கட்டிக்கொண்டு கோடைக்காலத்தில் அங்கே தங்கத் தொடங்கினார்கள். ஊர் அதிலிருந்து வளர்ந்தது. பிறகு கத்தோலிக்க இயேசு சபையினர் வந்தார்கள். 1866-இல் சலேத் அன்னையின் ஆலயமும், 1895-இல் செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரியும் எழுந்தன. 1936-இல், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியாராகிய, ஐரோப்பிய வம்சத்திலே பிறந்து சைவத்தைத் தழுவிய லீலாவதி இராமநாதன் அம்மையார், குறிஞ்சியாண்டவர் கோயிலைக் கட்டுவித்தார். அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மலைமேல் மாதா கோயில்களுக்கு வழி திறந்தது. அதே யாழ்ப்பாணத்தில், மிஷன் பள்ளிகளுக்கு நிகராகச் சைவப் பெண்களுக்கென்று 1913-இல் கல்லூரி கண்ட குடும்பத்திலிருந்து ஒரு பெண்மணி வந்து அதே மலையில் முருகனுக்குக் கோயில் எடுத்தார். சமயங்கள் ஒன்றையொன்று பார்த்துப் போட்டியிட்டும் கற்றுக்கொண்டும் தொண்டு செய்த வரலாறு இது.

அந்த மிஷனரிகள் செய்தது சிறிய காரியமன்று. பெண்களுக்கும், பள்ளி வாசலையே மிதிக்க விடப்படாத சாதியினருக்கும் எழுத்தறிவு கொடுத்ததில் அவர்களுக்கு உரிய பங்கை எவரும் மறுக்க முடியாது. மதுரையில் பெரிய மருத்துவமனையை வளர்த்த டாக்டர் வான் ஆலனின் பெயர் கொடைக்கானல் மருத்துவமனைக்கு இன்றளவும் வழங்கிவருகிறது. ஆயினும் அந்தத் தொண்டின் அமைப்பிலேயே ஓர் இடைவெளி இருந்தது என்பது என் அபிப்பிராயம். சமவெளியில் சேவை, மலைமேல் வாசம். கீழே போதிப்பவர், மேலே ஓய்வெடுப்பவர். கொடுக்கிறவருடைய சமயம் பேசும், பெறுகிறவருடைய சமயம் வாய்மூடிக் கேட்கும் என்பதே அன்றைய ஏற்பாடு.

மறுபக்கத்தில், மலையின் வடக்கு அடிவாரத்தில், பழனியாண்டவர் சந்நிதியைச் சுற்றி வேறொரு தர்மம் நெடுங்காலமாக நடந்துவந்தது. தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து நடந்து வருகிற செட்டிநாட்டு நகரத்தாருக்கும், கொங்குநாட்டு வேளாளருக்கும், பெயர் தெரியாத எத்தனையோ கூலித் தொழிலாளிகளுக்கும் வழியெங்கும் நீர்மோரும் சோறும் தங்குமிடமும் கொடுத்த சத்திரங்களையும் தண்ணீர்ப்பந்தல்களையும் சமூகப்பணி நூல்கள் குறிப்பிடுவதில்லை. ஆனால் பசித்தவனிடம் விவரம் கேட்காமல் இலை போடுகிற வழக்கம் அங்கேதான் வேரூன்றியது. 2012 முதல் பழனிக் கோயிலில் நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது; பழனியாண்டவர் பெயரால் கல்லூரிகள் நடக்கின்றன. எனினும் இந்தத் தர்மத்துக்கும் ஒரு கறை இருந்தது. வழியிலே சோறு போட்ட அதே சமயம், கோயில் வாசலிலே ஒரு பகுதி மக்களைத் தடுத்து நிறுத்தியது. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களை அழைத்துச் சென்ற பிறகுதான் தமிழகத்துப் பெருங்கோயில்களின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாருக்கும் திறவாத கோயிலுக்குள் தாமும் நுழைவதில்லை என்று இருந்த காந்தியடிகள், 1946-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மதுரைக்கும் பழனிக்கும் வந்து தரிசனம் செய்தது அதற்குப் பின்புதான்.

இந்த இரண்டு மரபுகளும் சந்தித்த இடம் என்று நான் கருதுவது ஒரு மனிதரை. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான் என்ற அமெரிக்கப் பாதிரியார், மேலே சொன்ன அதே மதுரை மிஷனின் ஊழியராக இந்தியாவுக்கு வந்தவர். கிராமத்து ஏழைகளோடு பழகப் பழக, கிறிஸ்துவின் உபதேசத்தைக் காந்தியடிகளின் வழியிலேதான் இந்த மண்ணில் வாழ்ந்துகாட்ட முடியும் என்ற தெளிவுக்கு அவர் வந்தார், கதர் உடுத்தினார். 1930-இல், வைசிராய் இர்வினுக்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆங்கில இளைஞர் ரெஜினால்டு ரேனால்ட்ஸைத் தம் வீட்டில் விருந்தினராகத் தங்கவைத்தார். அந்நிய மிஷனரிகள் அரசியலில் தலையிடக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில் இந்தியாவில் இருந்துவந்த மிஷனுக்கு இது தர்மசங்கடமாயிற்று. கெய்தான் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தார். 1944-இல் மறுபடி வெளியேற்றப்பட்டார். சுதந்திரத்துக்குப் பின் மறுபடி வந்து, 1984-இல் காலமாகும்வரை இந்த மலையடிவாரத்து மனிதராகவே வாழ்ந்தார்.

கெய்தானுடைய வாழ்க்கையில் என்னைக் கவர்வது அவர் கட்டிய எதுவும் அன்று. தம் சமயத்தை அவர் விட்டுவிடவும் இல்லை. அதைப் பிறர்மேல் சுமத்தவும் இல்லை. கடைசிவரை கிறிஸ்தவராகவே இருந்து, கிராமத்தாருடைய பிரார்த்தனையிலே தாமும் கலந்துகொண்டு, அவர்களோடு கூலிவேலையின் நியாயத்தையும் நிலத்தின் நியாயத்தையும் பேசியவர். ஊழியர் ஒருவருடைய பக்தி அவருக்கு உழைக்கும் வலிமையைத் தரலாம், தனிமையைத் தாங்கும் பொறுமையைத் தரலாம், அவமதிப்பைப் பொறுக்கும் சாந்தத்தைத் தரலாம். ஆனால் அந்த வலிமையின் பலனைப் பெறுகிறவர் அதற்கு விலையாகத் தம் நம்பிக்கையைக் கொடுக்கவேண்டியதில்லை என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். நான் இளைஞர்களிடம் சொல்லவிரும்புவதும் அதுவே.

1947-இல், சின்னாளப்பட்டிக்கு அருகே, சிறுமலைக்கும் பழனி மலைகளுக்கும் நடுவிலுள்ள வெளியில் காந்திகிராமம் தோன்றியது. அதை ஸ்தாபித்த டாக்டர் சௌந்தரம் அம்மையார், டி. வி. சுந்தரம் அய்யங்காரின் புதல்வி. இளமையிலேயே விதவையாகி, அக்காலத்து ஆசாரங்கள் அவருக்கு விதித்திருந்த மூலையை ஏற்காமல், டில்லிக்குச் சென்று மருத்துவம் படித்தவர். கேரளத்தில் பிறந்து காந்தியடிகளின் அணுக்கத் தொண்டரான ஜி. ராமச்சந்திரனை மணந்து, இருவருமாகச் சேர்ந்து அங்கே மருத்துவமனையும் ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லங்களும் ஆதாரக் கல்விப் பள்ளிகளும் நடத்தினார்கள். கெய்தான் அவர்களுக்குத் துணையாக நின்றார். எல்லாச் சமயத்து வேண்டுதல்களும் ஒருங்கே ஒலித்த பிரார்த்தனை அங்கே நாள்முறையின் ஓர் அங்கம். பிரசவம் பார்க்கிற தாதிக்கும் ராட்டை சுற்றுகிற பெண்ணுக்கும் அந்தப் பிரார்த்தனை ஒன்றே பொதுவான இடமாக இருந்தது. வேலை வேறு, வழிபாடு வேறு என்று பிரிக்காத ஓர் ஒழுங்கு அது; ஆனால் யாருடைய தெய்வத்தையும் மற்றொருவருடையதைவிடத் தாழ்த்தாத ஒழுங்கு.

மேற்கே ஒட்டன்சத்திரத்தில் 1955-இல் கிறிஸ்தவ ஐக்கிய மருத்துவமனை தொடங்கியதற்கும் கெய்தானின் தூண்டுதல் காரணமாயிருந்தது. கேரளத்திலிருந்து வந்த இளம் மருத்துவர் ஏ. கே. தரியனும் அவருடைய நண்பர்களும், பெரிய ஊர்களில் கிடைக்கக்கூடிய வருமானத்தை நாடாமல், எளிய வாழ்க்கையைத் தாமே வரித்துக்கொண்டு, காய்கறிச் சந்தைக்கு வருகிற குடியானவர்களுக்கு வைத்தியம் செய்ய அங்கே தங்கினார்கள். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களில் பலரும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். கிறிஸ்துவின் பெயரால் நடக்கிற மருத்துவமனையும் முருகன் பெயரைச் சொல்லி நடக்கிற பக்தர் கூட்டமும் ஒரே சாலையில் பகைமையின்றி இருந்துவந்திருக்கின்றன என்பது, மதச் சண்டைகளைப் பற்றியே அதிகமாகப் படிக்க நேர்கிற இந்நாளில் நினைத்துப் பார்க்கத் தக்கது.

மலைப்பாதை ஏறத் தொடங்குகிற வத்தலக்குண்டுப் பக்கத்தைச் சேர்ந்தவர் கிருஷ்ணம்மாள். 1926-இல் தாழ்த்தப்பட்ட குடும்பமொன்றில் பிறந்து, சௌந்தரம் அம்மையாரின் ஆதரவில் மேற்படிப்புப் படித்தவர். சுதந்திர இந்தியாவில்தான் திருமணம் என்றிருந்த ஜெகந்நாதனை 1950-இல் மணந்தார். வினோபாவின் பூதான இயக்கத்தில் இருவரும் ஊர் ஊராக நடந்தார்கள். 1968 டிசம்பர் 25-ஆம் தேதி கீழ்வெண்மணியில் நாற்பத்துநான்கு பேர் எரித்துக் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, தங்கள் வேலையின் களத்தையே தஞ்சைப் பகுதிக்கு மாற்றிக்கொண்டார்கள். 1981-இல் ‘லாப்டி’ என்ற அமைப்பை ஏற்படுத்தி, நிலச்சுவான்தார்களோடு பேசி, வங்கிக் கடன் பெற்று, நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரிலேயே நிலத்தைப் பதிவு செய்துகொடுத்தார்கள். அம்மையாருக்கு வள்ளலாரிடத்தில் அளவற்ற பக்தி. விளக்கேற்றி அருட்பெருஞ்ஜோதியை வேண்டிக்கொள்வது அவர் வாழ்வின் ஒரு பகுதி. பசியைத் தீர்ப்பதே வழிபாடு என்ற வள்ளலாரின் நெறியும், நிலத்தைப் பங்கிடுவதே அகிம்சை என்ற வினோபாவின் நெறியும் அவரிடத்தில் வேறு வேறாக இருக்கவில்லை. பொதுவுடைமைக் கட்சிகள் பலமாக இருந்த ஒரு பூமியில், கட்சிக்கொடி எதுவும் பிடிக்காமல், நிலமுடையவரின் மனச்சாட்சியையும் நிலமற்றவரின் உரிமையையும் ஒருசேரப் பேச அவருக்குத் துணிவு தந்தது எது என்று கேட்டால், அந்தப் பக்தியை ஒதுக்கிவிட்டு விடை சொல்ல என்னால் முடியவில்லை.

‘இதெல்லாம் மகான்களின் கதை, எங்களுக்கோ தொழில்நெறி என்று ஒன்று இருக்கிறதே’ என்று இளைஞர்கள் சொல்லக்கூடும். அந்தத் தொழில்நெறியின் வேரையும் கொஞ்சம் பார்க்கலாம். இந்தியாவின் முதல் சமூகப்பணிப் பள்ளி 1936-இல் பம்பாயில் டாடா அறக்கட்டளையின் உதவியால் தொடங்கியபோது அதை உருவாக்கி நடத்தியவர் கிளிஃபர்ட் மான்ஷார்ட். அவர் பம்பாயின் நாக்பாடா சேரியில் அக்கம்பக்கத்து மனை ஒன்றை நடத்திவந்த அமெரிக்க மிஷனரி. மதுரை மிஷனுக்கு ஆளனுப்பிய அதே அமெரிக்கச் சங்கத்தின் மராத்தி மிஷனைச் சேர்ந்தவர். அதைவிட முக்கியமானது இன்னொன்று. உதவி பெறுகிறவர் தம் வாழ்க்கையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை உடையவர், ஊழியர் அவரைக் குற்றம் சாட்டும் மனத்தோடு பார்க்கக்கூடாது, அவர் சொன்னதை வெளியிடக்கூடாது என்ற கொள்கைகளையெல்லாம் ஏழாக வகுத்து 1957-இல் நூலாக எழுதிய ஃபெலிக்ஸ் பீஸ்டெக், சிகாகோ லயோலா பல்கலைக்கழகத்தில் போதித்த இயேசு சபைக் குரு. செண்பகனூரில் கல்லூரி எழுப்பிய அதே சபையின் குருமார்களில் ஒருவராகிய அவர், ‘உன் முன் இருப்பவரை உன் விருப்பத்துக்குத் திருப்பாதே’ என்ற பாடத்தை உலகத்துச் சமூகப்பணி மாணவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தார். சுயநிர்ணயம் என்ற கொள்கை, சமயமற்றவர்கள் சமயத்துக்கு எதிராகக் கட்டிய சுவர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இனி, உதவி பெறுகிறவருடைய சமயத்துக்கு வருகிறேன். என் கவலையெல்லாம் இங்கேதான். ஊழியரின் சமயம் பேசக்கூடாது என்ற விதியைக் கற்ற இளைஞர்கள், எதிரில் இருப்பவருடைய சமயமும் பேசக்கூடாது என்று தவறாகப் பொருள் கொண்டுவிடுகிறார்கள். தாண்டிக்குடிப் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றில் இரண்டு கண்ணிலும் புரை விழுந்த மூதாட்டி ஒருவரை அறுவை சிகிச்சைக்கு இணங்கச் செய்ய எவ்வளவோ முயன்றும் நடக்கவில்லை. மூடநம்பிக்கை என்று படிவத்தில் எழுதிவைத்துவிட்டு வந்துவிட்டார் முதலில் போனவர். அடுத்துப் போன பெண், சிகிச்சையைப் பற்றிப் பேச்செடுக்காமல், வீட்டுச் சுவரிலிருந்த பழனியாண்டவர் படத்தைப் பற்றிக் கேட்டாள். பேரன் பிழைத்ததற்காகத் தைப்பூசத்துக்கு நடந்துவருவதாக நேர்ந்துகொண்டிருப்பதையும், கண்ணில் கத்தி வைத்துவிட்டால் நடக்க விடமாட்டார்களே என்ற பயத்தையும் மூதாட்டி அப்போதுதான் சொன்னார். “பாட்டி, முருகனுக்குச் சொன்னதை முதல்ல முடிச்சிட்டு வாங்க. எறங்கி வந்த மறுவாரமே நானே கூட்டிட்டுப் போறேன்” என்றாள் அந்தப் பெண். “அப்படிச் சொல்லு தாயி” என்றார் அவர். பூசம் முடிந்து சிகிச்சையும் நடந்தது. இதில் அந்தப் பெண் செய்தது பக்தியும் அன்று, பகுத்தறிவுப் பிரசாரமும் அன்று. நேர்த்திக்கடன் என்பது அந்த மூதாட்டியின் வாழ்வில் கடன்பத்திரத்தைவிடக் கண்டிப்பான ஒரு பொறுப்பு என்பதை உணர்ந்து அதற்கேற்பத் தேதியைக் குறித்தாள்.

மனநோய் விஷயத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிகிறது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற சிற்றூரில் முத்துசாமி என்ற பெரியவரின் சமாதிமேல் எழுந்த கோயிலுக்கு மனம் பேதலித்தவர்களைக் குடும்பத்தார் அழைத்துவந்து சில வாரங்கள் தங்கவைப்பது வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவன மருத்துவர் ரகுராமும் அவருடைய சகாக்களும் அங்கே வந்த 31 பேரைக் கவனித்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார்கள். அங்கே விசேஷமான சடங்குகளோ மந்திரங்களோ இல்லை; காலை மாலை வழிபாடு, கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, உறவினர் ஒருவர் உடனிருப்பது, யாரும் இகழாமல் இருப்பது, இவ்வளவுதான். நோய்க்குறிகளின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததை அவர்கள் கண்டார்கள். இதைக் கொண்டு மருந்து வேண்டாமென்று எவரும் சொல்லத் துணியலாகாது. ஏனெனில் அதற்கு முந்தைய ஆண்டில்தான், 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி, ஏர்வாடி தர்காவை நாடி வந்து அங்கே சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தீயில் மடிந்தார்கள். நம்பிக்கை ஒன்றே, ஓரிடத்தில் அது மனிதரை அணைத்துக்கொண்டது, மற்றோரிடத்தில் அதை நாடி வந்தவர்களை வியாபாரிகள் கட்டிப்போட்டார்கள். அந்த வித்தியாசத்தைக் கண்டறிய வேண்டியது சமூகப்பணியாளரின் கடமை. கோயிலுக்குள்ளும் தர்காவுக்குள்ளும் காலெடுத்து வைக்காத ஒருவர் அதை எப்படிக் கண்டறிவார்? பின்னாளில் ஏர்வாடி தர்காவின் அருகிலேயே மருத்துவரை உட்காரவைத்து, மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்தே நடக்கட்டும் என்று அரசு ஏற்பாடு செய்தது. அந்த விவேகம் 28 உயிர் போன பிறகு வந்ததே என்ற வேதனை எனக்கு உண்டு.

பக்தி எல்லாவற்றையும் நல்லதாக்கிவிடும் என்று நான் சொல்வதாக எண்ணிவிடவேண்டாம். கூலி குறைவாகக் கிடைப்பதும், பெண் அடிபடுவதும், பிள்ளை படிப்பை விடுவதும் தலைவிதி என்று சமயத்தின் பெயரால் ஆறுதல் சொல்லப்படுகிறபோது, அந்த ஆறுதலை உடைக்க வேண்டிய பொறுப்பு ஊழியருக்கு உண்டு. கோயிலில் இருந்த சாதி மாதா கோயிலிலும் கல்லறைத் தோட்டத்திலும் தொடர்ந்து வந்திருக்கிறது. ஞானஸ்நானம் பெற்றும் தனி வரிசை தீராத கிறிஸ்தவர்களின் குறையைக் கேட்காமல் எந்தச் சமயத்து ஊழியரும் சமத்துவம் பேச உரிமையுடையவர் ஆகமாட்டார்.

இப்போது மலைமேலுள்ள பளியர் என்ற பழங்குடியினரிடையே நடக்கவேண்டிய ஒரு வேலையைச் சொல்லவேண்டும். 2013-இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதனால் தேனும் கிழங்கும் கடுக்காயும் சேகரித்து வாழ்கிற அவர்களுடைய வன உரிமைகளை, 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்படி கிராமசபை வழியாகப் பதிவு செய்வது அவசரமான காரியமாகிவிட்டது. அதே 2013-இல்தான், ஒடிஸாவின் நியமகிரி மலையில் டோங்ரியா கோந்து மக்களுடைய சமய உரிமையையும் கிராமசபையே தீர்மானிக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், உரிமைக்குச் சான்றாக ஏற்கத்தக்கவை என்று கூறப்படுகிறவற்றுள் கிணறுகளும் இடுகாடுகளும் புனித இடங்களும் இருக்கின்றன. ஊர்ப் பெரியவர்களின் வாய்மொழியை எழுதிவாங்கினால் அதுவும் சான்றாகும். பட்டாவோ ரசீதோ இல்லாத ஒரு குடிக்குப் பளிச்சியம்மனின் கல்லும் முன்னோரின் குழிமேடும் கைவசமுள்ள ஆவணங்கள். படிவத்தை எடுத்துக்கொண்டு அந்தக் குடியிருப்புக்குப் போகிற இளைஞர், வழிபாடு தம் வேலைக்குப் புறம்பானது என்று கருதி அதைக் கேட்காமல் விட்டால், அவர் வரைகிற படத்தில் அந்த மக்களுடைய காட்டில் பாதி விட்டுப்போகும். தம்முடைய வழிபாட்டை உயர்த்திப் பேசினாலோ, பெரியவர்கள் வாயே திறக்கமாட்டார்கள். ஆகவே அவர் தம்மோடு ஒரு முதியவரைக் கூட்டிக்கொண்டு, காட்டுக்குள் நடந்து, எந்தக் கல்லுக்கு எந்த மாதத்தில் பொங்கல் வைப்பார்கள், எந்த மரத்தடியில் யாரைப் புதைத்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்து, அந்த முதியவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சரியென்று சொன்ன பிறகு கைநாட்டு வாங்கிக் கிராமசபையில் வைக்கவேண்டும். இந்தக் கோடைக்குள் சில ஊர்களிலாவது அது நடக்கவேண்டும்; நடப்பதற்கு, படித்த இளைஞர்கள் மலையேறி வரவேண்டும்.